எட்டுக் காலா, நாலு காலா, காலே இல்லாததா: எந்தப் பிராணி உங்கள் வீட்டுக்குச் சரிப்படும்?

சிலந்தியோ பாம்போ வளர்க்கப் போகிறேன் என்று ஒருவர் வாயெடுத்த உடனே சுற்றியிருப்பவர்கள் கேட்பது, "கடிக்காதா?" என்பதுதான். கேட்பதில் தப்பில்லை. ஆனால் எதை வாங்குவது என்று முடிவெடுக்க அந்தக் கேள்வியால் பெரிய உபயோகம் கிடையாது. முறையாக வைத்துக்கொண்டால் இந்தப் பிராணிகளில் பெரும்பாலானவற்றுக்குக் கடிக்கும் சந்தர்ப்பமே அமையாது. வாங்கிய சில மாதங்களிலேயே அவற்றை யார் தலையிலாவது கட்டிவிட அலைபவர்களைப் பாருங்கள். கடிபட்டு அலைபவர் அரிது. அலுத்துப்போயிருக்கும், செலவு கையைக் கடித்திருக்கும், அல்லது வீட்டில் சண்டை வந்திருக்கும்.

ஆகவே கேட்க வேண்டியவை வேறு. கையில் எடுத்துக் கொஞ்ச வேண்டுமா, பார்த்துக்கொண்டிருந்தாலே போதுமா? அதன் ஆயுள் எவ்வளவு, அது முடியும்போது உங்களுக்கு என்ன வயதாகியிருக்கும்? அது தின்னும் உயிருள்ள பூச்சியோ உறைந்த எலியோ வீட்டுக்குள் வர மற்றவர்கள் சம்மதிப்பார்களா? மின்சாரம் ஒரு நாள் நின்றால் தாங்குமா? நீங்கள் வெளியூர் போனால் பொறுப்பெடுக்க ஆள் உண்டா? இந்த ஐந்தையும் மனதில் வைத்துத்தான் கீழே ஒவ்வொன்றையும் எடைபோடுகிறேன். எல்லாவற்றுக்கும் சம இடம் தரப்போவதில்லை. சிலவற்றைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. சிலவற்றை இரண்டு வரியில் தள்ளிவிடலாம்.

டாரன்டுலா

தெரபோசிடே என்ற குடும்பத்தைச் சேர்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிலந்தி இனங்களுக்கும் சேர்த்து டாரன்டுலா என்று பெயர். வளர்ப்பவர் இவற்றை இரண்டு கட்சிகளாகப் பிரித்துக்கொண்டால் போதும். அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தவை ஒரு கட்சி, ஆசியாவையும் ஆப்பிரிக்காவையும் சேர்ந்தவை இன்னொன்று. முதல் கட்சிக்கு நச்சும் மந்தம், சுபாவமும் பெரும்பாலும் மந்தம். அவற்றில் பலவற்றின் வயிற்றுப் பகுதியில் அரிப்பு முடிகள் இருக்கும். மிரண்டால் பின்னங்காலால் தேய்த்து அவற்றைக் காற்றில் பறக்கவிடும். இரண்டாவது கட்சிக்கு அந்த முடிகள் கிடையாது. அதற்குத் தெரிந்த தற்காப்பெல்லாம் ஓட்டமும் கடியும்தான். இந்தியாவிலும் இலங்கையிலும் மரப்பொந்துகளில் வாழும் பொசிலோதேரியா சிலந்திகள் கடித்தால் கடுமையான தசைப்பிடிப்பு நாள் கணக்கில் நீடிக்கலாம். டாரன்டுலாவின் நச்சால் மனிதர் இறந்ததாக உறுதியான பதிவு எதுவும் இல்லை என்பது உண்மைதான். ஆனால் "செத்துப்போக மாட்டாய்" என்பதை ஒரு வளர்ப்புப் பிராணிக்கான சிபாரிசாக எடுத்துக்கொள்ள முடியாது.

ஆகவே முதன்முதலாக வாங்குபவர் அமெரிக்கக் கட்சியில், அதிலும் தரையில் வாழும் இனங்களில் நிற்பதே சரி. மெக்சிகன் ரெட் நீ, பிரேசிலியன் பிளாக், கர்லி ஹேர் ஆகிய மூன்றில் எதை எடுத்தாலும் பழுதில்லை. நீல நிறத்தில் மின்னும் படத்தைப் பார்த்து மயங்கி ஆசிய இனத்தில் தொடங்குபவர்கள், மூடியைத் திறக்கவே கை நடுங்கும் நிலையில் மாட்டிக்கொள்கிறார்கள். வளர்ப்பதற்கே பயமாக இருக்கும் பிராணிக்குத் தண்ணீர் வைப்பதும் தள்ளிப்போகும்.

அரிப்பு முடிகளை மட்டும் இலேசாக எண்ண வேண்டாம். தோலில் பட்டால் சில நாட்கள் அரிக்கும், அவ்வளவுதான். கண்ணில் பட்டால் கதை வேறு. இங்கிலாந்தின் லீட்ஸ் நகர மருத்துவர்கள் ‘லான்செட்’ இதழில் ஒரு நோயாளியைப் பற்றி எழுதியிருந்தார்கள். சிவந்து நீர் வடியும் கண்ணோடு வந்தவர் அவர், மருந்துக்கு மட்டுப்படவில்லை. உருப்பெருக்கிக் கருவியில் பார்த்தபோது கருவிழிப்படலத்தில் மெல்லிய முடிகள் குத்தி நின்றன. தொட்டிக் கண்ணாடியில் இருந்த கறையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது சிலந்தி முகத்தை நோக்கி முடிகளை வீசியது அவருக்கு அப்புறம்தான் நினைவுக்கு வந்திருக்கிறது. இடுக்கியால் பிடுங்க முடியாத அளவு நுண்ணிய முடிகள் அவை. தொட்டிக்குள் கை வைக்கும்போது கண்ணாடி அணிவது, முகத்தைத் தள்ளி வைப்பது, வேலை முடிந்ததும் கை கழுவாமல் கண்ணைத் தொடாதிருப்பது: இந்த மூன்றும் பழகிவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை.

பராமரிப்பைப் பொறுத்தவரை, இந்தப் பட்டியலில் இதைவிட சோம்பேறிக்கு ஏற்ற பிராணி வேறில்லை. கால்களை விரித்த அகலத்தைப் போல மூன்று மடங்கு நீளமுள்ள தொட்டி, ஈரம் தாங்கும் தேங்காய் நார்த்தூள் ஆழமாக, ஒதுங்க ஒரு மறைவிடம், ஆழமில்லாத தண்ணீர்க் கிண்ணம். நமக்கு இதமாக இருக்கும் அறை வெப்பமே அதற்கும் போதும். சூடேற்றும் விளக்கு அதை உலர்த்திக் கொல்லும். வளர்ந்த சிலந்திக்கு வாரத்துக்கு ஒரு முறையோ பத்து நாட்களுக்கு ஒரு முறையோ ஒரு சுவர்க்கோழி அல்லது கரப்பான். மாதக்கணக்கில் உண்ணாமல் இருந்தாலும் வயிறு குண்டாக இருக்கும்வரை கவலை வேண்டாம். வெளியூர் போவோருக்கு இதில் பிரச்சினையே இல்லை. தரை இனத்துக்கு உயரமான தொட்டி மட்டும் ஆகாது. கண்ணாடியில் ஏறி விழுந்தால் அந்த மெல்லிய வயிறு கிழிந்துவிடும். இதே காரணத்தால்தான் அதைக் கையில் எடுத்து விளையாடுவதையும் நான் ஆதரிப்பதில்லை. கடிக்கும் என்பதற்காகச் சொல்லவில்லை. அது திடுக்கிட்டு ஓட, நீங்கள் திடுக்கிட்டு கையை உதற, நஷ்டம் சிலந்திக்குத்தான். அதற்கு உங்கள் கை சூடான ஒரு தரை. வேறெந்த உறவும் கிடையாது.

அப்படியானால் எதற்காக அதை வளர்க்க வேண்டும்? தோலுரிப்பதை ஒரு முறை அருகிலிருந்து பார்த்தவர்கள் இதைக் கேட்க மாட்டார்கள். அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே சாப்பாட்டைத் தொடாது. முடி உதிர்ந்து வழுக்கையான இடம் இருந்தால் அது கறுத்துப் பளபளக்கத் தொடங்கும். பிறகு ஒரு நாள் வலையை விரிப்பாக நெய்து அதன்மேல் மல்லாந்து படுத்துக்கொள்ளும். விவரம் தெரியாத வீடுகளில் இந்த நேரத்தில்தான் செத்துவிட்டது என்று தூக்கிப்போட்டிருக்கிறார்கள். தலைப் பகுதியின் ஓடு மூடியைப் போல ஓரத்தில் பிளக்கும். எட்டுக் கால்களையும் பழைய உறைக்குள்ளிருந்து மெல்ல மெல்ல, ஒரே நேரத்தில் உருவி எடுக்கும். மணிக்கணக்கில் ஆகும். வெளியே வந்ததும் நச்சுப்பற்கள் பால் வெள்ளையாக இருக்கும், பிறகு சிவக்கும், நாளாவட்டத்தில் கறுத்து இறுகும். அதுவரை உணவு போடக்கூடாது. அந்த நேரத்தில் தொட்டிக்குள் விட்ட சுவர்க்கோழியே சிலந்தியைக் கடித்துத் தின்றுவிடும். வேட்டைக்காரனும் இரையும் இடம் மாறும் அபத்தம் அது. இழந்த காலைக்கூட அடுத்தடுத்த தோலுரிப்புகளில் மீண்டும் வளர்த்துக்கொள்ளும்.

ஒரு எச்சரிக்கையை யாரும் போதிய அளவு சொல்வதில்லை. கொசுவுக்கும் கரப்பானுக்கும் அடிக்கும் மருந்து, கொசுவர்த்திப் புகை, நாய் பூனைகளுக்கு உண்ணி போகத் தடவும் மருந்து இவையெல்லாம் சிலந்திக்கும் விஷம்தான். பூச்சி மருந்து இல்லாமல் வாழ முடியாத வீடென்றால் எட்டுக்காலிகள், ஆறுகாலிகள் எல்லாவற்றையும் இப்போதே பட்டியலிலிருந்து அடித்துவிட்டு பாம்பு, பல்லிப் பகுதிக்குத் தாவலாம்.

ஆயுள் விஷயத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். நிதானமாக வளரும் இனங்களில் பெண் 20 ஆண்டுகளைத் தாண்டும். ஆண் சில ஆண்டுகளில் முதிர்ந்து, அதன்பின் பெரும்பாலும் ஓராண்டுக்குள் கதை முடிந்துவிடும். வாங்குபவர் இதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். விற்பவர் வலியச் சொல்ல மாட்டார்.

தாவும் சிலந்தியும் தேளும்

டாரன்டுலா ஆசை உள்ளவர்களிடம் நான் முதலில் காட்டுவது தாவும் சிலந்தியைத்தான். ரீகல் ஜம்பிங் ஸ்பைடர் எனப்படும் ஃபிடிப்பஸ் ரீகியஸ் உடல் நீளத்தில் இரண்டு சென்டிமீட்டரைத் தொட்டாலே பெரிது. பகலில் விழித்திருக்கும், பார்த்து வேட்டையாடும். எட்டுக் கண்களில் முன்னால் உள்ள இரண்டு பெரிய கண்கள் நுணுக்கமாகப் பார்க்கவல்லவை. தொட்டிக்கு முன் விரலை இடப்பக்கம் நகர்த்தினால் அது உடம்போடு இடப்பக்கம் திரும்பும்; வலப்பக்கம் நகர்த்தினால் வலப்பக்கம். சில வினாடிகள் யோசித்துவிட்டு முன்னங்கால்களைத் தூக்கும். டாரன்டுலாவின் கண்கள் வெளிச்சத்தையும் நிழலையும் பிரித்தறிவதோடு சரி. இது நம்மை நிஜமாகவே பார்க்கிறது. கையில் ஏறவிட்டாலும் விழுந்து சிதறும் பயமில்லை, நூலில் தொங்கிக்கொள்ளும்.

குறை என்ன? ஆயுள் ஒன்று, மிஞ்சினால் இரண்டு ஆண்டுகள். ஒரு பிராணியோடு இருபது ஆண்டுகள் கட்டுண்டு கிடக்கத் தயாரில்லாதவருக்கு இதுவே நிறையாகவும் ஆகலாம். உணவும் சிறிய ஈக்கள், புழுக்கள் என்று எளிதாக முடிந்துவிடும். பராமரிப்பு டாரன்டுலாவைவிடச் சற்று கூடுதல், ஏனெனில் இதனால் மாதக்கணக்கில் பட்டினி கிடக்க முடியாது.

தேள் வேண்டுமென்பவர்களுக்கு ஒரு பொது விதி உண்டு: முன்பக்கக் கிடுக்கிகள் தடித்து வால் மெலிந்திருந்தால் நச்சு பெரும்பாலும் குறைவு, கிடுக்கி மெலிந்து வால் தடித்திருந்தால் கிட்டே போக வேண்டாம். கறுத்துப் பெருத்த எம்பரர் தேள் முதல் வகை. ஆசியக் காட்டுத் தேள்களும் அப்படியே. புற ஊதா விளக்கில் இவை நீலப்பச்சையாக ஒளிரும். குட்டிகளை முதுகில் சுமந்து திரியும். அவ்வளவுதான் கொண்டாட்டம். மற்ற நேரமெல்லாம் பள்ளத்துக்குள் கிடக்கும். டெத்ஸ்டாக்கர் போன்ற மெலிந்த கிடுக்கி இனங்களை வீட்டில் வைத்திருப்பது துணிச்சல் என்று பேசப்படுகிறது. என் அகராதியில் அதற்குப் பெயர் வேறு. பூரானும் அப்படியே, தப்பிப்பதில் கெட்டிக்காரன், கடித்தால் வலி தாங்காது, பதிலுக்குத் தருவது ஒன்றுமில்லை.

கையில் எடுக்க வேண்டுமென்றால்: பாம்பும் பல்லியும்

தொட்டு, எடுத்து, தோளில் போட்டுக்கொள்ளும் ஆசை இருந்தால் சிலந்தி வரிசையை மறந்துவிடலாம். அந்த ஆசைக்குக் கார்ன் ஸ்னேக்கைவிடப் பொருத்தமான பிராணி ஊர்வனவற்றில் இல்லை என்பது என் கட்சி. வட அமெரிக்க இனம், நச்சு கிடையாது, பெரும்பாலும் ஒன்றரை மீட்டருக்குள் நின்றுவிடும், ஒழுங்காகச் சாப்பிடும், 15 முதல் 20 ஆண்டுகள் வாழும். கையில் எடுத்தால் ஓயாமல் விரல்களுக்கிடையே நெளிந்து போய்க்கொண்டே இருக்கும். பால் பைத்தான் (ball python) அதற்கு நேர்மாறு: பந்தாகச் சுருண்டு அப்படியே கிடக்கும். பயந்த சுபாவம் உள்ளவர்களுக்கு அது பிடித்துப்போகும். ஆனால் பால் பைத்தானிடம் இரண்டு சிக்கல்கள். ஒன்று, நினைத்தால் மாதக்கணக்கில் சாப்பாட்டை மறுக்கும். பாம்புக்கு ஒன்றும் ஆகாது, வளர்ப்பவருக்குத் தூக்கம் போய்விடும். இரண்டு, ஆயுள். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சிசாலையில் 60 வயதைக் கடந்த ஒரு பெண் பால் பைத்தான் 2020-இல் முட்டையிட்டது. அதற்கு முன் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேல் அது ஆணின் அருகிலேயே இருந்ததில்லை என்பது இன்னொரு வியப்பு. வீடுகளில் 20, 30 ஆண்டுகள் என்பது சர்வ சாதாரணம். இருபது வயதில் வாங்கினால் உங்கள் பிள்ளைகள் அதைப் பார்த்து வளர்வார்கள்.

பாம்பை வேண்டாமென்று வைப்பவர்கள் பலரும் பாம்புக்குப் பயந்து அப்படிச் செய்வதில்லை, அதன் சாப்பாட்டுக்குப் பயந்துதான். உறைந்த எலி உங்கள் ஃப்ரீசரில் இருக்கும். அதைக் குளிர்நீக்கி, வெதுவெதுப்பாக்கி, இடுக்கியில் பிடித்து நீட்ட வேண்டும். உயிருள்ள எலியைப் போடுவது பார்க்க இயல்பாகத் தோன்றலாம்; பசியில்லாத பாம்பை மூலையில் மாட்டிய எலி கடித்துக் குதறிவிடும், ஆகையால் அது இருபக்கக் கொடுமை. வாரம் ஒரு முறையோ இரண்டு வாரத்துக்கு ஒரு முறையோதான் இந்த வேலை. ஆனால் சமையலறையில் வேறொருவர் ஆட்சி நடக்கும் வீட்டில், பாம்பு வருவதற்கு முன்பே இந்தப் பேச்சை முடித்துவிடுவது நல்லது.

பல்லிகளில் லெபர்ட் கெக்கோ ஒரு சமரசம். சுவரில் ஏறும் நம் வீட்டுப் பல்லியைப் போல ஒட்டும் பாதம் இதற்குக் கிடையாது, ஆகவே கண்ணாடியில் ஏறித் தப்பாது. கண்ணிமை உண்டு, வாலில் கொழுப்பைச் சேமிக்கும், அந்தி சாய்ந்ததும் வெளியே வரும். பூச்சிதான் உணவு. தரையின் ஒரு பக்கம் 32 டிகிரி அளவில் சூடாகவும் மறுபக்கம் குளிர்ச்சியாகவும் இருந்தால் அது வேண்டிய இடத்துக்கு நகர்ந்துகொள்ளும். பூச்சிகள்மீது சுண்ணாம்புச்சத்துப் பொடியும் டி3 வைட்டமினும் தூவ மறந்தால் எலும்பு இளகி, தாடை வளைந்து, கால் கோணிவிடும். ஊர்வன வைத்தியரிடம் வரும் பல்லிகளுக்குச் சலிக்கும் அளவு வழக்கமான வியாதி இது. முழுக்க மனிதன் தருவது. 15 ஆண்டுகளுக்கு மேலும் வாழும்.

பியர்டட் டிராகன் ஆஸ்திரேலிய ஓணான். குணத்தில் இந்தப் பட்டியலின் தங்கம்: பகலில் விழித்திருக்கும், ஆளைப் பார்த்தால் கண்ணாடிப் பக்கம் ஓடிவரும், பூச்சியோடு கீரையும் தின்னும். ஆனால் விளக்குச் செலவு விடாது. குறைந்தது 120 சென்டிமீட்டர் நீளத் தொட்டி, 40 டிகிரி வரை சூடேறும் வெயில் காயும் மேடை, நாளெல்லாம் புற ஊதா பி கதிர் விளக்கு. அந்த விளக்கில் ஒரு சூழ்ச்சி இருக்கிறது: வெளிச்சம் அப்படியே இருக்க, கதிர் மட்டும் மாதங்கள் போகப் போக மங்கிவிடும். எரிகிறதே என்று நம்பி மாற்றாமல் விட்டால் மேலே சொன்ன எலும்பு நோய் இங்கும் வரும். மின்வெட்டு அடிக்கடி வரும் இடத்தில், அதுவும் குளிர் பிரதேசத்தில், கார்ன் ஸ்னேக் தாங்குவதை இது தாங்காது.

ஊர்வன எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று: நோயின் சுவடே இல்லாத பிராணியின் தோலிலும் கழிவிலும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியோர், நோய் எதிர்ப்பு குன்றியவர்கள் இருக்கும் வீட்டில் இவற்றைத் தவிர்க்கச் சொல்வது வெறும் பயமுறுத்தல் இல்லை. குழந்தைகளிடையே பரவிய சால்மொனெல்லா காரணமாகத்தான் அமெரிக்கா 1975-இல் ஓடு நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைக் குட்டிகளின் விற்பனையையே தடைசெய்தது.

சுலபம் போலத் தோன்றும் மூன்று

ஆமை என்றதும் நினைவுக்கு வருகிறது. காசளவு பச்சைக் குட்டியாக விற்கப்படும் சிவப்புக் காது ஆமை, வளர்ந்தால் சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரிதாகும், பல பத்தாண்டுகள் வாழும், தொட்டி நீரை ஓயாமல் நாறடிக்கும். சமாளிக்க முடியாதவர்கள் குளத்தில் விட்டுவிட, அது உலகம் முழுக்க உள்ளூர் ஆமைகளின் வயிற்றில் அடிக்கும் ஊடுருவல் இனமாகிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 1997-லேயே இறக்குமதியை நிறுத்தியது. உள்ளங்கையில் அடங்கும் சுல்காட்டா நில ஆமைக்குட்டியோ 40 கிலோவைத் தாண்டி வளரும். இரண்டும் வேண்டாம்.

தவளைகளின் தூரத்து உறவான, நீரில் வாழும் ஆக்ஸலாட்டில் (axolotl) சிரித்த முகத்துக்காக வாங்கப்படுகிறது. மெக்சிகோவின் சோச்சிமில்கோ நீர்நிலைகளில் அழிவின் விளிம்பில் நிற்கும் உயிரினம் அது. வளர்ப்பில் இருப்பவை தொட்டியிலேயே பெருகியவை. வெட்டுண்ட காலை மறுபடி வளர்த்துக்கொள்ளும் அதிசயம் இருக்கட்டும். அதற்கு வேண்டிய நீர் 16 முதல் 18 டிகிரி, அதாவது சூடான பிரதேசத்தில் ஆண்டு முழுவதும் ஓடும் குளிரூட்டி. 24-ஐத் தாண்டினால் நோய்வாய்ப்படும். இந்த ஒரு கணக்கே பலருக்கு முடிவைச் சொல்லிவிடும்.

மூன்றாவது, துறவி நண்டு. வண்ணம் பூசிய சிப்பியோடு பொம்மையாக விற்கப்படும் இதைப் பற்றித்தான் எனக்குக் கோபம் அதிகம். சரியான இடத்தில் 30 ஆண்டுகள் வாழக்கூடிய உயிர் இது. வளர்ப்பில் இனப்பெருக்கம் செய்வது மிக அரிது என்பதால் கடைக்கு வருபவை ஏறக்குறைய எல்லாமே கடற்கரையில் பிடிக்கப்பட்டவை. ஈரக்காற்று, நன்னீரும் உப்புநீரும், தோலுரிக்கப் புதைந்துகொள்ள ஆழமான மணல், கூட்டாளிகள், மாற்றிக்கொள்ளப் பல அளவுச் சிப்பிகள் இத்தனையும் வேண்டும். பெரும்பாலும் அதற்குக் கிடைப்பது ஒரு கம்பிக் கூண்டு. செவுள் காய்ந்து மூச்சுத் திணறி மெல்லச் சாகும். டாரன்டுலாவைப் பார்த்து முகம் சுளிப்பவர் குழந்தைக்கு இதை வாங்கிக் கொடுப்பதில் உள்ள முரண் எனக்கு விளங்கியதே இல்லை.

நம்மை அடையாளம் தெரிய வேண்டுமென்றால்

மேலே சொன்ன எதுவும் நாயைப் போல நம்மேல் பாசம் வைக்காது. பழகும், பொறுத்துக்கொள்ளும், சாப்பாட்டோடு நம்மைச் சம்பந்தப்படுத்திக்கொள்ளும். அதற்கு மேல் எதிர்பார்ப்பவர்கள் பாலூட்டிகளுக்கு வர வேண்டும், அங்கே வழி நெடுகப் பள்ளம். மரத்துக்கு மரம் காற்றில் சறுக்கும் குட்டி விலங்கான சுகர் கிளைடர் இரவு முழுக்க விழித்திருக்கும், தனியாக விட்டால் ஏங்கித் தன் முடியையே பிய்த்துக்கொள்ளும், இணையாகத்தான் வைக்க வேண்டும், உணவு முறை ஒரு தனிப் படிப்பு. வளர்ப்பு முள்ளெலி பெரும்பாலும் தனிமை விரும்பி. நான்கைந்து ஆண்டு ஆயுள். அறை குளிர்ந்தால் உறக்கநிலைக்குப் போக முயன்று உயிரையே விட்டுவிடக்கூடும். ஸ்லோ லோரிஸ் எனப்படும் தேவாங்கு வகைகளைப் பற்றிப் பேச்சே வேண்டாம். கையைத் தூக்கிக் கிச்சுகிச்சு மூட்டக் காட்டுவதாக நாம் பார்த்து ரசிக்கும் அந்த வீடியோக்களில் இருப்பது பயந்துபோன விலங்கு. முழங்கைச் சுரப்பியின் நச்சை எடுக்கும் நிலை அது. விற்பதற்கு முன் பற்களை நறுக்கிவிடுகிறார்கள். 2007 முதல் அவற்றின் சர்வதேச வணிகம், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில், அதாவது முழுத்தடையில் இருக்கிறது.

உறவு வேண்டுமென்பவருக்கு என் பரிந்துரை யாருக்கும் பிடிக்காத ஒன்று: வளர்ப்பெலி. பெயர் சொன்னால் வரும், தோளில் உட்கார்ந்து வீடெங்கும் சுற்றும், சின்னச் சின்ன வித்தைகள் கற்கும். கிச்சுகிச்சு மூட்டினால் நம் காதுக்கு எட்டாத உச்ச ஒலியில் குரலெழுப்புவதும், மறுபடி மூட்டச் சொல்லி விரலைத் துரத்தி வருவதும் ஆய்வுக்கூடங்களில் பதிவானவை. குறைந்தது இரண்டாக வைக்க வேண்டும். ஆயுள் இரண்டு, மூன்று ஆண்டுகள்தான். அதுதான் அதன் ஒரே கொடுமை. பாம்பு வளர்ப்பவரும் எலி வளர்ப்பவரும் ஒரே கூரையின்கீழ் இருந்தால் ஃப்ரீசரைப் பூட்டிவைப்பது உத்தமம்.

பிள்ளைகளுக்கு எது

குச்சிப்பூச்சி. யோசிக்கவே வேண்டாம். உலகெங்கும் பள்ளி வகுப்பறைகளில் வளர்க்கப்படும் காராசியஸ் மொரோசஸ் என்னும் குச்சிப்பூச்சி முதலில் விவரிக்கப்பட்டது 1901-இல்; பழனி மலையின் செம்பகனூரிலிருந்து போன மாதிரிகளைக் கொண்டு. ஆணே இல்லாமல் பெண்கள் மட்டும் முட்டையிட்டுப் பெருகும் இனம் அது. இலை போட்டு, இலைமேல் தண்ணீர் தெளித்தால் போதும், கடிக்காது, கொட்டாது, ஓராண்டில் பிறப்பு முதல் இறப்பு வரை ஒரு முழு வாழ்க்கையைப் பிள்ளை பார்த்துவிடலாம். வேண்டாத முட்டைகளை உறைய வைத்த பிறகே குப்பையில் போட வேண்டும். வெளியில் விட்டால் தோட்டத்தைப் பதம் பார்க்கும். சற்று வளர்ந்த பிள்ளைகளுக்குக் கும்பிடுபூச்சி நல்லது. தலையைத் திருப்பி நம்மைப் பார்க்கும் பூச்சி அது. மடகாஸ்கர் சீறும் கரப்பானும் கையில் எடுக்க ஏற்றது, ஆனால் வீட்டுப் பெரியவர்களின் ஒப்புதல் கிடைக்கும் என்று நான் உறுதி தர மாட்டேன். ராட்சத ஆப்பிரிக்க நத்தையைத் தவிருங்கள். மூளையைத் தாக்கும் ஒட்டுண்ணிப் புழுவைச் சுமக்கக்கூடியது, பல நாடுகளில் வைத்திருப்பதே குற்றம்.

எங்கிருந்து வந்தது

எதைத் தேர்ந்தெடுத்தாலும் அது காட்டில் பிடித்ததா, வளர்ப்பில் பிறந்ததா என்பதைக் கேட்காமல் பேரம் பேசக்கூடாது. மெக்சிகன் ரெட் நீ 1985-லேயே சைட்டீஸ் பட்டியலில் ஏறியது, வணிகத்துக்காக அள்ளப்பட்டதுதான் காரணம். பொசிலோதேரியா இனங்கள் 2019-இல் சேர்ந்தன. அவற்றில் நீல நிறத்து பொசிலோதேரியா மெட்டாலிகா ஆந்திரத்தின் குத்தி (Gooty) ரயில் நிலையப் பகுதியில் கிடைத்த ஒரே மாதிரியைக் கொண்டு 1899-இல் விவரிக்கப்பட்டு, நூறு ஆண்டுகளுக்குப் பிறகே மறுபடி கண்டறியப்பட்டது. இன்று அதன் காடு நூறு சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. தொட்டிகளிலோ உலகெங்கும் இருக்கிறது. காட்டில் பிடித்த பிராணி ஒட்டுண்ணியோடும் நீர் வற்றிய உடம்போடும் வரும், வயது தெரியாது, சீக்கிரம் சாகும். நேர்மைக்காக இல்லாவிட்டாலும் சுயநலத்துக்காகவாவது வளர்ப்பில் பிறந்ததை வாங்கலாம். உங்கள் நாட்டின் சொந்த இனங்களை வைத்திருக்கச் சட்டம் அநேகமாக அனுமதிக்காது. அயல்நாட்டு இனங்களுக்கும் பதிவு கேட்கும் நாடுகள் உண்டு. ஆவணம் தராத விற்பனையாளரிடம் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

என் தீர்ப்பைக் கேட்டால் இப்படிச் சொல்வேன். தொடவே வேண்டாம், பார்த்தால் போதும், வேலை குறைவாக இருக்க வேண்டும் என்பவருக்கு டாரன்டுலா. அதே ஆசை இருந்து நீண்ட பொறுப்பு வேண்டாமென்றால் தாவும் சிலந்தி. கையில் எடுக்க வேண்டும், எலி சம்மதம் என்றால் கார்ன் ஸ்னேக். எலி சம்மதமில்லை, பூச்சி சம்மதம் என்றால் லெபர்ட் கெக்கோ. மின்கட்டணமும் இடமும் பிரச்சினையில்லாதவருக்கு பியர்டட் டிராகன். பாசம் வேண்டுமென்றால் எலி.

டாரன்டுலாதான் என்று முடிவாகிவிட்டால் ஒரு தேர்வு பாக்கி இருக்கிறது: குஞ்சா, வளர்ந்ததா? நகத்தளவு குஞ்சு மலிவு, வளர்வதைப் பார்க்கலாம். ஆனால் மெதுவாக வளரும் இனங்களில் முழு அளவுக்கு வர ஐந்தாறு ஆண்டுகள் போகும், ஈரப்பதம் ஒரு வாரம் தவறினாலும் போய்விடும், ஆணா பெண்ணா என்பதும் குலுக்கல்தான். முதல் சிலந்திக்கு ஓரளவு வளர்ந்த பெண்ணே நல்லது. "பெண்" என்று விற்பவர் சொன்னால் அப்படியே நம்ப வேண்டியதில்லை. கடைசியாக உரித்த தோலைக் காட்டச் சொல்லுங்கள். அதன் வயிற்றுப் பகுதியைத் தண்ணீரில் ஊறவைத்து விரித்து, மேல் ஜோடி சுவாசப் புத்தகங்களுக்கு (ஏடுகளாக அடுக்கிய சுவாச உறுப்புகளுக்கு) நடுவே, ஆணிடம் பெற்ற விந்தைச் சேமிக்கும் பையின் மடிப்பு இருக்கிறதா என்று உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்க்கலாம். இருந்தால் பெண். தோலைத் தூக்கிப் போட்டுவிட்டேன் என்று சொல்பவரிடம் ஆணின் விலையைத்தான் கொடுக்க வேண்டும்.